உள்குடி என்று சொன்ன ஜமீலா டீச்சர்

உத்திரமேரூரில் சனிக்கிழமைதோறும் கூடும் பெற்றோர்கள், ஜமீலா டீச்சரைப் பற்றி நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. எழுதுவதும் சுலபமில்லை. சொல்லப் போவதற்கு முதலில் எண் போட்டு வைத்துக்கொண்டால்தான் கை நகரும். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே:

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. டீச்சர் ஒரு கட்டுரையோடு என் வீட்டுக்கு வந்ததும், அதற்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைத்ததும்.
3. வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் பேசியது.
4. மகன் யூசுபின் விஷயத்தில் அவர் யாருக்கும் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை என்பது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

இந்த வரிசை சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. இருந்தாலும் இதன்படியே போகிறேன்.

தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசினால் எங்கள் தெருவில் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம். அன்று காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "பஜார் வீதி மோட்டார் கடை அன்வர் பாய் அவர்களின் மனைவி மௌத்தாகிவிட்டார்கள்" என்று இறப்புச் செய்தியை அறிவித்தார்கள். ஐயோ பாவம், அன்வர் பாய் என்று நினைத்தேன். முகத்தின் மறுபாதியையும் மழித்தேன். துண்டை எடுக்கும்போதுதான் அந்த மனைவி ஜமீலா டீச்சர் என்பது உறைத்தது. அன்வர் பாயை டீச்சரின் கணவர் என்றுதான் அறிந்திருந்தேன். டீச்சரை அன்வர் பாயின் மனைவி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் பேசிக்கினு இருந்தா சார்" என்றார் அன்வர் பாய். வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். வேறு வாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

யூசுப் இருபதைத் தாண்டியவன். ஆட்டிசம் உள்ளவன். கேள்வி கேட்டால் பதில் வராது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவும் ஊர்ப்பெயர்களை அதே குரலில், அதே வரிசையில் சொல்வான். அன்று அவன் ஒரு ஊர்ப்பெயரும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு முன் ஜனாஸா தொழுகைக்கு ஆண்கள் அணியாக நின்றபோது அவனும் நின்றான். வரிசை என்றால் அவனுக்கு எப்போதுமே பிடிக்கும். பக்கத்தில் நின்றவரின் கால் சற்று முன்னால் இருந்ததைக் கவனித்து, குனிந்து, அந்தக் காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தான். அவரும் வைக்கவிட்டார். நான் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இனி இரண்டாவது.

மனித மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதிய காலத்துக்குச் சற்றுப் பின்னால் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆள் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போது யூசுப் பள்ளிக்கூட வயதுப் பையன். உள்ளே வந்ததும் மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு எண்ணிலும் விசிறியை நிமிர்ந்து பார்த்தான். டீச்சரின் அண்ணன் சென்னையில் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து அனுப்பிய ஆங்கிலக் கட்டுரை அவர் கையில் இருந்தது.

"சார், நான் பத்தாவதுக்கு சயின்ஸ் எடுக்கறவ. இதுல பாதி புரியுது. புரியாத பாதிலதான் எம் புள்ள கீறான்னு தோணுது" என்றார்.

கட்டுரை சொன்னது இதுதான். நம் டி.என்.ஏ. முழுவதும் நம் முன்னோர் தந்தது என்று நினைக்கிறோம். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்குப் பழைய வைரஸ்களின் மிச்சம் கிடக்கிறது. மனிதர் தோன்றுவதற்கும் வெகுகாலம் முன்னால் ஒரு வகை வைரஸ் நம் மூதாதை உயிர்களைத் தொற்றியது. தொற்றிய செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன்னையே எழுதிவிடுவது அந்த வகையின் இயல்பு. கருமுட்டையிலோ விந்திலோ அப்படி எழுதப்பட்டது பிள்ளைக்குப் போயிற்று. பிள்ளையின் பிள்ளைக்கும் போயிற்று. இன்று எல்லா மனிதரிடமும் இருக்கிறது. பெரும்பாலானவை சிதைந்து சும்மா கிடக்கின்றன. ஒன்றிரண்டு நமக்கு வேலையும் செய்கின்றன. கருவைத் தாயோடு சேர்க்கும் நஞ்சுக்கொடி உருவாவதற்கே அப்படி ஒரு துண்டு உதவுகிறது.

டீச்சர் அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

"அப்ப அந்த வைரஸ் வரலன்னா எந்த அம்மாவும் புள்ள பெத்திருக்க மாட்டாளா?"

"இப்ப பெறுற மாதிரி பெத்திருக்க முடியாதுன்னு சொல்லலாம்மா. ஆனா அத உறுதியா..."

"ஒரு வாட்டியாவது ஆமான்னு சொல்லுங்களேன் சார்."

கட்டுரையின் கடைசிப் பகுதிக்காகத்தான் அவர் வந்திருந்தார். தூங்கிக் கிடக்கும் இந்தத் துண்டுகளில் சில, மூளை தொடர்பான சில நோய்கள் உள்ளவர்களிடம் விழித்திருப்பதாகச் சில ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். ஆட்டிசத்திலும் அப்படி இருக்குமோ என்ற கேள்வி அதில் இருந்தது. கேள்வி மட்டும்தான். அவை விழித்ததால் ஆட்டிசம் வந்ததா, வேறு காரணத்தால் வந்து அதன் கூடவே இவை விழித்தனவா என்று சொல்ல முடியாது என்றேன். விழித்ததாகவே வைத்துக்கொண்டாலும் என்று நான் தொடர்ந்தபோது, டீச்சர், "காக்கா ஒக்காந்து பனம்பழம் வுழுந்துச்சா, வுழுந்த பழத்தப் பாத்து காக்கா வந்துச்சா, அதானே?" என்றார். அதைச் சொல்லி முடிக்க நான் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு இது வெறும் அறிவு ஆசை அல்ல. யூசுப் பிறந்ததிலிருந்து, யாரால் இப்படி ஆனது என்ற ஒரு வழக்கில் அவர் நின்றுகொண்டிருந்தார். "எங்க மாமியார் எங்க அம்மா வூட்டு வழின்றாங்க. எங்க அண்ணன் அவங்க வூட்டு வழின்றாரு. நாத்தனார் நான் பப்பாளி தின்னதாலன்றாங்க. நான் பப்பாளியே தின்னதில்ல சார், அது எனக்கு ஆவாது" என்றார்.

இந்த வைரஸ் மிச்சத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். நான் ஒரு வாரம் யோசித்து, 'அகமரபு மீள்நச்சுயிர் எச்சம்' என்று எழுதி வைத்தேன். டீச்சர் அதை உரக்கப் படித்தார். "இத கிளாசுல சொன்னா புள்ளைங்க பாதிப் பேர் லீவு போட்டுடும்" என்றார். பிறகு வேறு பேச்சு வந்தது. தென்னேரியில் எங்கள் குடும்பம் பயிர் வைத்தவர்கள். வெளியூரிலிருந்து வந்து உழுபவரைப் பரகுடி என்றும், அப்படி வந்தாலும் தலைமுறை தலைமுறையாகத் தங்கி, வெளியேற்ற முடியாத உரிமை பெற்றவரை உள்குடி என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள் என்று ஏதோ ஒரு நிலத்தகராறு பற்றிப் பேசும்போது சொன்னேன். டீச்சர் கையை உயர்த்தினார், வகுப்பில் மாணவியைப் போல.

"சார், அப்ப இது உள்குடி வைரஸ். வந்ததுதான். ஆனா தொரத்த முடியாது. இப்ப அதுவும் வூட்டு ஆளு."

அதன்பின் நாங்கள் வேறு சொல் தேடவில்லை. மனிதருக்கு முந்திய காலம் என்ற பேச்சை மட்டும் வெளியில் எடுக்க வேண்டாம் என்றார். "கொரங்குல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா எங்க மாமியார் உங்களுக்கு டீ குடுக்க வுட மாட்டாங்க. 'ரொம்ப காலத்துக்கு முன்னாடி'ன்னு சொன்னா போதும்."

மூன்றாவது, பெண் பார்க்க வந்த நாள்.

யூசுபுக்கு மூத்தவள் ஷாஹிதா. பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். வாலாஜாபாத்தில் நல்ல குடும்பம், பையன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. எல்லாம் பொருந்தி வந்த நிலையில், யூசுபைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சற்றுத் தயங்குகிறார்கள் என்று தெரிந்தது. பெரிய மனுஷர் ஒருவர் உடன் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று அன்வர் பாய் என்னை அழைத்தார். வீட்டுக்குள் போகும் முன் கடை வாசலில் நிறுத்தி மெதுவாகப் பேசினார்.

"சார், ஒரு ஒதவி. கேட்டாங்கன்னா வைரஸ்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"பாய், அது அவ்வளவு சுலபமா..."

"பொய் இல்லியே சார். நீங்களும் அவளும் வருசக்கணக்கா அதத்தானே பேசிக்கினு கீறீங்க. ஒரே ஒரு வார்த்த. பேஜார் பண்ணாதீங்க."

பையனின் பெரியத்தா, அதாவது அவன் தந்தையின் அண்ணன், அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர்தான் பேசினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. சமோசா வந்தது, டீ வந்தது. யூசுப் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான். யாரும் பேசாத ஒரு கணத்தில், "வாலாஜாபாத், வாலாஜாபாத், எறங்கறவங்கல்லாம் முன்னால வா" என்றான். வந்தவர்களில் ஒருவர் பாதி எழுந்துவிட்டார். மண்டி பாய் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவரு. ஒரே கேள்வி. தப்பா நெனைக்காதீங்க. இது வெளில இருந்து வந்ததா, ரத்தத்துல கீறதா?"

எதை விளக்கினாலும் அந்தச் சொல்லுக்கு முதலில் இலக்கணம் சொல்லிவிடுவது என் வழக்கம். "வைரஸ் என்பது" என்று தொடங்கித் தொண்டையைச் செருமினேன். நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் வந்தவர்களின் முகங்கள் தெளிந்துவிட்டன.

"வைரஸா? அப்ப அம்மை மாதிரி, ஜுரம் மாதிரி. வந்துட்டுப் போறது. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மண்டி பாய். அன்வர் பாய் தரையைப் பார்த்தார். நான் என் இரண்டாவது வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளறை வாசலிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"இருங்க பாய். சார் இன்னும் முடிக்கல. அவரு முடிக்கறதுக்குள்ள மக்ரிப் தொழுகை நேரம் ஆயிடும், நானே சொல்லிடறேன். வெளில இருந்து வந்தது ஒண்ணு கீது. ஆனா அது நேத்து வந்ததில்ல, ரொம்ப காலத்துக்கு முன்னாடி வந்தது. இப்ப எல்லார் ரத்தத்துலயும் கீது. உங்க ரத்தத்துல கீது, மாப்ள ரத்தத்துல கீது. நீங்க நெல்லு எடுக்கற ஊருங்கள்ல உள்குடின்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி. அதாலதான் இவன் இப்பிடி கீறானான்னு கேட்டா, தெர்ல. சந்தேகப்படறாங்க, அவ்ளோதான். எம் பொண்ணு வயித்துல பொறக்கறதுக்கு வருமான்னு கேட்டா, மத்தவங்களவிட கொஞ்சம் அதிகமா வரலாம்னு டாக்டருங்க சொல்றாங்க. வராமயும் போவலாம். இதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி யாராவது சொன்னாங்கன்னா, அவங்க உங்க கிட்ட எதயோ விக்க வந்துக்கீறாங்கன்னு அர்த்தம்."

மண்டி பாய் டீயைக் கீழே வைத்தார். "உள்குடி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்ப எங்க ரத்தத்துலயும் ஒருத்தன் குடியிருக்கான்றீங்க."

"வாடக குடுக்காம கீறான் பாய்."

அவர் மறுபடி சிரித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் அன்வர் பாய் மனைவியிடம், "ஒரே ஒரு வார்த்த. அத சும்மா வுட முடிலியா ஒன்னால?" என்றார். டீச்சர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "நாளைக்கு அவளுக்கு இப்பிடி ஒண்ணு பொறந்துச்சுன்னா, மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்கன்னு அவளத்தான் பேசுவாங்க. அந்தப் பேச்செல்லாம் நான் கேட்டாச்சு. அவ கேக்க வேணாம்."

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு டீச்சர் கொடுத்த விலை அது என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு ஷாஹிதாவுக்கு ஆர்க்காட்டில் இடம் அமைந்தது. அந்தக் கல்யாணத்தில் யூசுப், பிரியாணி அண்டாக்களின் மூடிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்தான். பரிமாறுபவர்கள் எந்த மூடி எந்த அண்டாவுக்கு என்று தெரியாமல் தவித்தார்கள்.

நான்காவதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். இரண்டும் நான் நேரில் பார்த்தவை.

ஒருமுறை காஞ்சிபுரம் பஸ்ஸில் நாங்கள் ஒன்றாகப் போக நேர்ந்தது. யூசுப் ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவிக்கொண்டே வந்தான். புதிய கண்டக்டர் பொறுக்க முடியாமல், "யம்மா, பையன வாய மூடிக்கினு வரச் சொல்லு, ஜனங்க கொழம்பறாங்க" என்றார். டீச்சர், "டிக்கெட்டும் எடுத்துக்கீறான், உன் வேலையும் செய்யறான். ஏதாவது ஒரு ஸ்டாப் தப்பா சொல்லட்டும், நாங்க எறங்கிக்கறோம்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டார்கள். யூசுப் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

மற்றொன்று பள்ளிக்கூடத்தில். அவர் யூசுபைத் தம் பள்ளியிலேயே கடைசி பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்வார். அதிகாரி ஒருவர் பார்வையிட வரும் நாளில், பையனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரும்படி மேலிருந்து சொன்னார்கள். அன்று நான் ஒரு புத்தகம் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். பள்ளி நேரத்தில் டீச்சர் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவன் வரக்கூடாதுன்னா அவங்க அம்மாவும் வர மாட்டா சார். லீவ் லெட்டர்ல அதத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். யூசுப் முற்றத்தில் கீரைத் தண்டுகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமைக் கூட்டம் இதற்குப் பின்தான் தொடங்கியது. அவர் வகுப்பறையிலேயே நாலைந்து பெற்றோர்கள் யூசுபைப் போன்ற தங்கள் பிள்ளைகளோடு வந்து உட்காருவார்கள். யாராவது காரணம் கேட்டால் டீச்சர் உள்குடி வைரஸைப் பற்றியும் சொல்வார், தெரியாது என்பதையும் சொல்வார். "உங்க வூட்டு வழியா எங்க வூட்டு வழியான்னு சண்ட போடறவங்க, மொதல்ல அந்தக் காலத்து வைரஸக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லுங்க" என்பார். புதிதாக வந்தவர்கள் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்திருப்பார்கள்.

ஐந்தாவதாக, நான் வைத்துக்கொண்டிருப்பது. எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. எதையும் 'இருக்கலாம்', 'இல்லாமலும் இருக்கலாம்' என்று முடிப்பேன். அதை அடக்கம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் அது பயம் என்று தெரியும். டீச்சருக்கும் நிறையத் தெரியாதுதான். ஆனால் தெரியாததை அவர் முழுக்குரலில் சொன்னார். "தெர்லன்னா முழுசா தெர்லன்னு சொல்லணும் சார். பாதி தெர்லதான் ஆளக் கொல்லும்" என்பார். அவர் முதலில் கொண்டுவந்த கேள்விக்கு இதை எழுதும் இன்றும் பதில் இல்லை. அந்தத் துண்டுகள் விழிப்பதற்கும் யூசுபுக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால், தெரியாது என்று நிமிர்ந்து சொல்கிறேன். அது அவரிடமிருந்து வந்தது.

இங்கே கட்டுரையை முடித்துவிட்டேன். பெயர்களிலும் சம்பவங்களிலும் பிழை இருக்கக் கூடாது என்று, தாய் வீட்டுக்கு வந்திருந்த ஷாஹிதாவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். பஸ் கண்டக்டர் வரும் இடத்தில் சிரித்தாள். படித்து முடித்ததும் தாள்களை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்து என்னிடம் தந்தாள்.

"நாலாவது தப்பு சார்" என்றாள்.

எந்தச் சம்பவம் என்று கேட்டேன்.

"சம்பவமெல்லாம் கரெக்ட். ஒருபோதும்னு போட்டுக்கீறீங்களே, அது தப்பு. வாலாஜாபாத் காரங்க வேணான்னு சொல்லல சார். ஒத்துக்கினாங்க. டீச்சர் சொன்னது நாயமா கீதுன்னு மண்டி பாய் வூட்டுக்கே வந்து சொன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. நிக்காஹ் அன்னைக்கு மட்டும் யூசுப் வேற எங்கனா இருக்கட்டும்னு. வெளியூர் சொந்தக்காரங்க வருவாங்கோ, அவங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கினு இருக்க முடியாதுன்னு."

"டீச்சர் மறுத்துட்டாங்களா?"

"அம்மா சரின்னாங்க சார்."

தாள்களைப் புரட்டி நான்காவதைத் தேடினேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒரு நாள்தானேடி, மாமா வூட்டுல இருந்துட்டு வரட்டும், அவனுக்கு இன்னா தெரியப் போவுதுன்னாங்க. அம்மா, நீயா பேசறன்னு கேட்டேன். நான்தான் பேசறேன், எனக்கு அலுத்துப் போச்சுடின்னாங்க. வேணான்னு சொன்னது நான். எம் தம்பி இல்லாத எடத்துல எனக்குக் கல்யாணம் வேணான்னுட்டேன். அம்மா ரெண்டு நாள் எங்கூடப் பேசல."

"அப்புறம், நீ சொன்னதுதான் சரின்னு சொல்லியிருப்பாங்களே."

"இல்ல சார். கடைசி வரைக்கும் சொல்லல. ஆர்க்காட்டு கல்யாணத்தன்னைக்குக் கூட சொல்லல."

நான் பேனாவை எடுத்தேன். நான்காவதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். ஷாஹிதா வேண்டாம் என்றாள்.

"அது அப்பிடியே இருக்கட்டும். கீழ இதையும் எழுதிடுங்க. சனிக்கிழம வர்றவங்க எங்கம்மாவ நெனச்சுக்கினு, நம்மால அவங்க மாதிரி முடியலியேன்னு வூட்ல ஒக்காந்து அழுவறாங்க சார். ரெண்டு பேரு எங்கிட்டயே சொன்னாங்க. அம்மாவுக்கும் அலுத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

ஆகவே, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதிய நான்காவது தவறு. டீச்சர் ஒருமுறை விட்டுக்கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல் வந்து வகுப்பறையைத் திறந்தார்.